ஆளுக்குப் பதினைந்து நிமிடம்

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மேஸ்திரிக்குப் பரீட்சை. பாஸானால் வீடு. ஃபெயிலானால் ஊருக்கு வெளியே, ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் நீண்டகாலப் பராமரிப்பு இல்லம். மூன்றாவதாக ஒரு வழி கிடையாது. படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான் அச்சடித்திருந்தார்கள்.

மேஸ்திரி நாற்பது வருடம் அடுத்தவர்களுக்கு வீடு கட்டியவர். எட்டு வாரத்துக்கு முன்னால் சாரத்தின் மேல் நின்று பக்கத்தில் இருந்தவனைத் திட்டிக்கொண்டிருந்தபோது, பாதி வசவில் வலது பக்கம் விழுந்துவிட்டது. மீதி வசவு வாய்க்குள்ளேயே நின்றுபோனது. மனிதர் கீழே விழவில்லை, பிடித்துக்கொண்டார்கள். திட்டு வாங்கிக்கொண்டிருந்தவன்தான் பிடித்தான் என்பதில் அவருக்கு இன்றைக்கும் ஒரு குறை உண்டு.

ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் மறுவாழ்வு வார்டு. நுழைந்ததும் ஒரு பெரிய படம் மாட்டியிருக்கும்: ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து கைகள், கீழே ‘நாங்கள் ஒரே குழு’ என்ற வாசகம். அதில் நோயாளியின் கை இல்லை. இருந்தால் கோணலாக விழுந்து படத்தைக் கெடுத்திருக்கும்.

ஐந்து கைக்கும் ஐந்து ஆட்கள் இருந்தார்கள். மேஸ்திரிக்கு அவர்கள் பெயர் வாயில் நுழையவில்லை. நாக்கு சரியாக இருந்த காலத்திலும் அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் இல்லை. நடக்கவும் படியேறவும் சொல்லித் தரும் பிசியோதெரபிஸ்ட் அவருக்குப் ‘படித்தம்பி’. சட்டை போட, குளிக்க, சீப்பு பிடிக்கப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ‘பட்டன் டீச்சர்’. புரையேறாமல் விழுங்கவும் குழறாமல் பேசவும் கற்றுத்தரும் ஸ்பீச் தெரபிஸ்ட் ‘தண்ணி டீச்சர்’. இவர்கள் தவிர வார்டு சிஸ்டர். எல்லோருக்கும் மேலே டாக்டர்.

ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் தாள். பிசியோ நீலம், பட்டன் டீச்சர் மஞ்சள், தண்ணி டீச்சர் ரோஸ், சிஸ்டர் பச்சை, டாக்டர் வெள்ளை. நோயாளியைத் தொட்டால் தொட்ட நேரத்தோடு எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் வேலையே செய்யாத மாதிரி. ஐந்து நிறமும் ஒரே கோப்பில்தான் இருக்கும். ஆனால் அடுத்தவர் நிறத்தை யாரும் படிக்கமாட்டார்கள். தடை ஒன்றும் இல்லை, மரியாதைதான். அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்போமா?

அந்த மரியாதையின் காரணமாக, பச்சைத் தாளில் சிஸ்டர் ஆறு வாரமாக எழுதிவந்த ஒரு வரி யார் கண்ணிலும் படவில்லை. ‘இவருக்கு ஒரு நேரத்தில் முக்கால் மணிக்குத்தான் தெம்பு. அதற்குமேல் போனால் கை, கால், நாக்கு மூன்றும் சேர்ந்து படுத்துவிடும். இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் திரும்பிவிடும்.’

மேஸ்திரி நல்ல நோயாளி. நல்ல நோயாளி என்றால் சொன்னதைச் செய்வார், செய்துகொண்டே வம்பிழுப்பார். பயிற்சி அறையின் மூலையில் மரத்தால் ஆன நான்கு படிகள் இருந்தன. இரண்டு பக்கமும் கைப்பிடி. ஏறினால் சுவரில் முட்டும். முதல் நாள் அதைப் பார்த்ததும் சக்கர நாற்காலியை நிறுத்தச் சொன்னார்.

“தம்பி, இது எந்த வீட்டுக்குப் போகுது?”

“எந்த வீட்டுக்கும் போகாது சார். பயிற்சிப் படி.”

“படியைக் கட்டிட்டு வீட்டைக் கட்ட மறந்துட்டானா? யாருப்பா அந்த கான்ட்ராக்டர்?”

அவர் வீட்டு வாசலிலும் நான்கு படிதான். பட்டன் டீச்சர் ஒருநாள் அளவு நாடாவோடு வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மேஸ்திரியின் மனைவி காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

“ஒவ்வொரு படியும் ஒன்பது இஞ்ச் உயரம்மா. நல்ல காலோட இருக்கிறவங்களுக்கே மூச்சு வாங்கும். எந்தப் புண்ணியவான் கட்டினது?”

“உங்க ஆஸ்பத்திரியில படுத்திருக்காரே, அதே புண்ணியவான்தான்” என்றாள் மனைவி. அவளுக்கு இரண்டு முழங்காலும் போய்ப் பத்து வருடம் ஆகிறது. படியைக் குறைக்கச் சொல்லி இருபது வருடமாகக் கேட்கிறாள். வீடு என்றால் ஏறித்தான் வரவேண்டும், இறங்கி வர அது என்ன கிணறா என்று அவர் கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

பட்டன் டீச்சர் ஒரு மஞ்சள் தாளில் வரைந்து கொடுத்தார். நான்கை இடித்து எட்டாக்க வேண்டும், நாலரை இஞ்சுக்கு ஒன்று. மேஸ்திரி அதை இடது கையால் வாங்கி அரை மணி நேரம் பார்த்தார். தன் கையால் கட்டியதை இன்னொருவன் இடிக்கச் சம்மதிப்பது பக்கவாதத்தைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும் போல.

“சரி, இடிக்கட்டும்” என்றார் கடைசியில் மனைவியிடம். “ஒண்ணுக்கு நாலு கலவை போடச் சொல்லு. மாப்பிள்ளைகிட்ட விட்டா வெறும் மணல்லயே கட்டி முடிச்சிடுவார்.”

“இருபது வருஷமா நான் கேட்டேன். ஒரு பொண்ணு மஞ்சப் பேப்பர்ல எழுதிக் கொடுத்ததும் சரின்னுட்டீங்க.”

“நீ பேப்பர்ல கேட்டிருக்கணும்.”

சனிக்கிழமை ஆள் வந்து ஒரே நாளில் இடித்துக் கட்டுவதாக மாப்பிள்ளை ஏற்பாடு செய்தார். மகளும் மாப்பிள்ளையும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார்கள். பகலில் வீட்டில் மனைவி மட்டும். அவளால் அவரைத் தூக்க முடியாது. ஆகவே தானாக எழுந்து, நடந்து, படியேறி, சட்டை மாட்டி, தண்ணீர் குடித்து, அவசரத்துக்கு போன் நம்பரைச் சொல்லத் தெரிந்தால்தான் வீடு. அதற்குத்தான் வெள்ளிக்கிழமைப் பரீட்சை. தோற்றால் திங்கட்கிழமை வண்டி வரும். இல்லத்துக்குப் போனவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்ற கணக்கு ஆஸ்பத்திரியில் இல்லை. அதற்குத் தனியாக ஒரு நிறம் ஒதுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் தரச் சான்றிதழ் கொடுப்பவர்களும் வருவதாக இருந்தார்கள். ஒரே மாதிரி பையோடு ஓர் ஆணும் ஒரு பெண்ணும். அவர்கள் பார்க்க வருவது கட்டிலையோ கழிவறையையோ அல்ல. இந்த வார்டில் பல துறைக்காரர்கள் எப்படிக் கூட்டாக வேலை செய்கிறார்கள் என்பதைத்தான். மேஸ்திரியின் பரீட்சையை அவர்கள் முன்னால் நடத்துவதென்று முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் சிஸ்டர் கையைத் தூக்கினார்.

“டாக்டர், ஒரு விஷயம். அவரு சீக்கிரம் களைச்சுப் போயிடறாரு. வெள்ளிக்கிழமை காலையில யாரும் அவரைத் தொடாம இருந்தா நல்லது. எந்தப் பயிற்சியும் வேண்டாம். நல்லாத் தூங்கட்டும்.”

“களைப்பா?” என்றான் பிசியோ. “என்கிட்ட வரும்போது குதிரை மாதிரி இருக்காரே.” அவனிடம்தான் மேஸ்திரி தினமும் முதலில் போவார்.

“என்கிட்ட வரும்போது கொஞ்சம் சோம்பேறி” என்றார் தண்ணி டீச்சர். அவரிடம் கடைசியில் போவார்.

ஆனாலும் சிஸ்டர் சொன்னது நியாயமாகப் பட்டது. அதில் யாருக்கும் வேலை இல்லாததால் எதிர்ப்பும் இல்லை. டாக்டர் வெள்ளைத் தாளில் எழுதினார்: ‘வெள்ளி காலை முழு ஓய்வு. குழுவின் ஒருமித்த முடிவு.’ ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த வாரத்தின் மிகச் சிறந்த மருத்துவ முடிவு அதுதான்.

வெள்ளிக்கிழமை ஏழரைக்கு சிஸ்டர் உள்ளே வந்து திரையை இழுத்தார்.

“ஐயா, முகமெல்லாம் எண்ணெய் வழியுது. வர்றவங்க முன்னாடி பளிச்சுனு இருக்க வேண்டாமா? குளிச்சிடலாம்.”

“ஓய்வுன்னு சொன்னீங்களே?”

“குளியல் பயிற்சியா? குளியல் குளியல்தானே. பதினஞ்சு நிமிஷம். ஆனா நீங்களேதான் ஊத்திக்கணும். ‘தானாகக் குளிக்கிறார்’னு நான் எழுதணும் பாருங்க.”

மேஸ்திரி இடது கையால் மொண்டு நாற்பது குவளை ஊற்றிக்கொண்டார். துவட்டிவிடும்போது சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார்.

“டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க ஐயா. ஓய்வு வேணும்னு கூட்டத்துல கேட்டதே நான்தான்.”

“சொல்லமாட்டேன்மா.”

அவர் சொல்லவும்மாட்டார். நாற்பது வருடத்தில் ஒரு வீட்டுக்காரர் சமாச்சாரத்தை இன்னொரு வீட்டுக்காரரிடம் சொன்னதே இல்லை. எந்த வீட்டில் எந்தச் சுவருக்குள் என்ன வைத்துப் பூசினார் என்பது அவரோடுதான் போகும். அந்த ஊரில் பலர் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்றால் மேஸ்திரியின் வாய்தான் காரணம்.

எட்டேகாலுக்குப் பிசியோ வந்தான். கதவை மெதுவாகச் சாத்தினான்.

“சார், எல்லாரும் ஓய்வு கொடுக்கறாங்க. நல்லதுதான். ஆனா தசை ரொம்ப நேரம் சும்மா இருந்தா இறுகிடும். ஒரே ஒரு தடவை ஏறி இறங்கிடலாம். பதினஞ்சு நிமிஷம். எனக்காக.”

ஒரு தடவை மூன்று தடவையானது. மூன்றாவது தடவை முட்டி அழகாக மடங்கியது. பிசியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. “சூப்பர் சார். பதினோரு மணிக்கும் இதே மாதிரி. யார்கிட்டயும் சொல்லவேண்டாம், சரியா?”

ஒன்பது மணிக்குப் பட்டன் டீச்சர் ஐந்து பட்டன் வைத்த சட்டையோடு வந்தார். “மத்தவங்கதான் தொந்தரவு பண்ணலையே ஐயா, நான் ஒருத்தி பதினஞ்சு நிமிஷம் எடுத்துக்கறேன்.” பட்டனைப் போட்டு, அவிழ்த்து, மறுபடி போட்டார்கள். நான்காவது பட்டன் மட்டும் சண்டித்தனம் செய்தது. அதை மட்டும் பதினோரு முறை செய்தார்கள்.

ஒன்பதரைக்குத் தண்ணி டீச்சர். மோவாயைத் தாழ்த்தி, மிடறு மிடறாக ஒன்றரை டம்ளர். அப்புறம் வீட்டு போன் நம்பரை இருபது தடவை. பதினேழாவது தடவையில் நாக்கு கொஞ்சம் வழுக்கியதால் அதற்குத் தண்டனையாக இன்னும் ஐந்து. போகும்போது உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். மேஸ்திரியும் தன் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். விரல் கொஞ்சம் தள்ளி, கன்னத்தில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

பத்து மணிக்கு டாக்டரே வந்தார்.

“மேஸ்திரி, நல்லா ஓய்வா இருக்கீங்க போல. அப்படியே படுத்திருங்க, எந்திரிக்க வேண்டாம். மூளைக்கு மட்டும் ஒரு சின்ன ஒத்திகை. நூறுல இருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்க.”

“தொண்ணூத்தி மூணு. எண்பத்தாறு.” மேஸ்திரி கணக்கில் கெட்டிக்காரர். கடைசிவரை போய்விட்டார். “ரெண்டு மிச்சம் வருது டாக்டர். அதை என்ன பண்றது?”

“நீங்களே வச்சுக்கங்க” என்று டாக்டர் சிரித்தார். பிறகு நாள், கிழமை, மாதம், மூன்று பொருள்களின் பெயர், அவற்றைத் தலைகீழாக. கிளம்பும்போது அவரும் கதவருகே திரும்பினார். “இதெல்லாம் கூட்டத்துல சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. நானே கையெழுத்துப் போட்டுட்டு நானே வந்தேன்னு இருக்கக் கூடாது.”

“எனக்கென்ன டாக்டர் வேலை?”

பத்தே இருபதுக்கு மேஸ்திரிக்கு இமை கனத்தது. வலது கால் இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கண்ணை மூடினார். பத்தே இருபத்தைந்துக்கு மனைவி வந்தாள். கையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை.

“ராஜா இன்னும் எந்திரிக்கலையா?”

“கொஞ்சம் கண்ணை மூடிக்கறேன். களைப்பா இருக்கு.”

“காலையிலேர்ந்து படுத்துத்தானே கிடக்கீங்க? ஓய்வுன்னு போர்டே எழுதிப் போட்டிருக்காங்க. படுத்திருக்கிறதுல என்ன களைப்பு?”

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஐந்து பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மூடிக்கொண்டார்.

மனைவி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சட்டையை மடியில் வைத்து நீவினாள். எட்டு வாரமாக அவளைப் பயிற்சி அறைக்குள் விட்டதில்லை. குடும்பத்தார் இருந்தால் நோயாளி கவனம் சிதறும் என்று விதி. அவர் நடப்பதை அவள் பார்த்ததே இல்லை.

“நீங்க நடக்கறதா எல்லாரும் சொல்றாங்க. எனக்கு நம்பிக்கை வரலை. பொய் சொல்லி என் தலையில கட்டிடுவாங்களோன்னு பயமா இருக்கு. ஒரே ஒரு தடவை. கதவு வரைக்கும். எனக்கு மட்டும் காட்டுங்க.”

மேஸ்திரி அவளைப் பார்த்தார். அப்புறம் இடது கையை ஊன்றி எழுந்தார். கதவு வரைக்கும் போனார். திரும்பினார். கட்டிலுக்கு வந்ததும் விழுகிற மாதிரி உட்கார்ந்தார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அட, நடக்கறீங்களே! திருட்டு மனுஷா, இத்தனை நாளா எனக்குக் காட்டாம!” பிறகு, “உள்ள வந்து நான் நடக்க வச்சேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. திட்டுவாங்க.”

“நீயுமா?” என்றார் மேஸ்திரி.

“என்னது?”

“ஒண்ணும் இல்ல. சொல்லமாட்டேன்.”

பதினோரு மணிக்குப் பயிற்சி அறையில் எல்லோரும் நின்றார்கள். ஐந்து பேர் வரிசையாக, சலவை செய்த கோட்டில். பையோடு இருவர் நாற்காலியில். மனைவி, அன்றைக்கு மட்டும் அனுமதி வாங்கி, சுவரோரம். மேஸ்திரி சின்னக் கட்டிலில்.

“எந்திரிங்க சார்” என்றான் பிசியோ, கல்யாண வீட்டில் பெண்ணின் அண்ணன் மாதிரி சிரித்துக்கொண்டு.

மேஸ்திரி எழவில்லை. எழ முயன்றார். இடுப்பு கட்டிலைவிட்டு அரை அடி தூக்கி மறுபடி உட்கார்ந்தது. இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை எழுந்துவிட்டார். பத்து மீட்டர் நடக்க வேண்டும். நான்காவது மீட்டரில் வலது கால் தரையைத் தேய்க்க ஆரம்பித்தது. படியருகே போய் முதல் படியில் ஏறினார். இரண்டாவது படியில் கைப்பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார்.

“அஞ்சு நிமிஷம்” என்றார். அப்படித்தான் சொல்லியிருப்பார். காதில் விழுந்தது வேறு ஏதோ.

படிவத்தில் ஐந்து நிமிடத்துக்கு இடம் இல்லை. பையோடு வந்த பெண் கடிகாரத்தைப் பார்த்தார்.

சட்டையைக் கொடுத்தார்கள். முதல் பட்டன் மூன்றாவது துளைக்குப் போனது. விரல் அதன் பிறகு நகரவில்லை, சட்டையின்மேல் கிடந்தது. தண்ணீர் கொடுத்தார்கள். புரையேறி, பாதி டம்ளர் பையோடு வந்த ஆளின் படிவத்தில் தெறித்தது. வீட்டு போன் நம்பரைக் கேட்டார்கள். முதல் மூன்று எண் வந்தது. நான்காவதைத் தேடிக்கொண்டே மேஸ்திரி கண்ணை மூடிவிட்டார். மோவாயிலிருந்து தண்ணீர் இஸ்திரிச் சட்டையில் சொட்டியது.

ஐந்து பேரும் வெள்ளைத் துணிபோல வெளுத்திருந்தார்கள். டாக்டர் தொண்டையைச் செருமினார். வந்திருப்பவர்கள் காதில் விழ வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

“மேஸ்திரி. காலையிலேர்ந்து நல்லா ஓய்வு எடுத்தீங்கதானே?”

மேஸ்திரி கண்ணைத் திறந்தார். முதலில் டாக்டரைப் பார்த்தார். பிறகு வரிசையாகச் சிஸ்டர், படித்தம்பி, பட்டன் டீச்சர், தண்ணி டீச்சர். கடைசியில் சுவரோரம். ஆறு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எடுத்தேன்” என்றார். அந்த அறைக்குள் வந்தபின் அவர் குழறாமல் சொன்ன முதல் சொல் அது. “படுத்தே கிடந்தேன். யாரும் வரலை.”

அறையில் ஆறு பெருமூச்சுகள் கேட்டன. ஒவ்வொருவரும் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டார்கள். பதினைந்து நிமிடம். வெறும் பதினைந்து நிமிடத்தில் ஒரு மனிதன் இப்படி ஆகிவிடுவானா? ஆகமாட்டான். விடை ஆறு பேருக்கும் ஒன்றாகவே வந்தது.

டாக்டர் வெள்ளைத் தாளில் எழுதினார்: ‘காலை முழு ஓய்வுக்குப் பிறகும் இயலவில்லை. வீடு பாதுகாப்பானது அல்ல.’ ஐந்து கையெழுத்து. கோப்பு பையோடு வந்தவர்களிடம் போனது. அவர்கள் நிறங்களைச் சரிபார்த்தார்கள். நீலம் இருந்தது, மஞ்சள் இருந்தது, ரோஸ், பச்சை, வெள்ளை எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றிலும் அன்றைய தேதி இருந்தது. அன்றைய தேதிக்குக் கீழே 7.30, 8.15, 9.00, 9.30, 10.00 என்று நேரமும் இருந்தது. ‘சிறு ஒத்திகை, மிக நன்றாகச் செய்தார்’ என்று ஐந்து கையெழுத்தில் எழுதியும் இருந்தது. அவர்கள் தாள்களை எண்ணினார்கள். படிப்பது அவர்கள் வேலை இல்லை.

“பதிவுகள் ரொம்பச் சுத்தம்” என்றார் அந்தப் பெண். “முடிவு கஷ்டமானதா இருந்தாலும் எல்லாரும் ஒரே குரல்ல நிக்கறீங்க. பல இடத்துல இது கிடையாது.”

மேஸ்திரி பன்னிரண்டு மணிக்குத் தூங்க ஆரம்பித்தார். மனைவி ஈரச் சட்டையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள். இரண்டேகாலுக்கு அவர் விழித்தார். கொட்டாவி விட்டார். எழுந்தார். காய்ந்திருந்த சட்டையை எடுத்து மாட்டி ஐந்து பட்டனையும் போட்டார். நான்காவது பட்டனில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், அது தெளிவாகவே வந்தது. பிறகு நடைபாதை வழியாக நடந்து, ஆளில்லாத பயிற்சி அறைக்குள் போய், நான்கு படியும் ஏறி உச்சியில் நின்றார். முன்னால் சுவர். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

“ஒத்தக்கல் சுவரு” என்றார் பின்னாலேயே ஓடிவந்த மனைவியிடம். “ஆளு சாஞ்சாலே விழும்.”

மனைவி தன் முழங்காலை மறந்து ஓடினாள். கீழ்த்தளக் கூடத்தில் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு ஐந்து பேரும் போட்டோவுக்கு நின்றார்கள். படத்தில் இருக்கிற மாதிரியே ஒன்றன்மேல் ஒன்றாகக் கை வைக்கச் சொல்லியிருந்தார்கள். போட்டோ முடிந்ததும் பிசியோவின் கோட்டைப் பிடித்து மாடிக்கு இழுத்து வந்தாள்.

படிமேல் நின்ற மேஸ்திரியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. “முட்டியைப் பாருங்கம்மா, எவ்வளவு நேரா இருக்கு!” பிறகு நிலைமை நினைவுக்கு வந்தது. “சார், மெதுவா இறங்குங்க. பரீட்சை முடிஞ்சிருச்சு.”

“இப்ப பாஸ் போடுங்க தம்பி” என்றாள் மனைவி.

“நான் ஒருத்தன் போட முடியாதும்மா. அஞ்சு பேரும் ஒண்ணாப் பார்க்கணும். அதுக்குப் பேர்தான் குழு.”

“அஞ்சு பேரும் இப்பக் கீழ ஒண்ணாத்தானே நின்னீங்க?”

“அது போட்டோவுக்கு. கூட்டம் செவ்வாய்க்கிழமை.”

“திங்கட்கிழமை வண்டி வருதே?”

“ஆமா” என்றான் பிசியோ. உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னான்.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “பாவி நான்தான் தம்பி கெடுத்தேன். பத்தரை மணிக்கு உள்ள வந்து, நடந்து காட்டுங்கன்னு கேட்டேன். களைப்பா இருக்குன்னாரு. நான் விடலை. அந்தத் தெம்பையெல்லாம் நான்தான் வாங்கிக்கிட்டேன். என்னை என்ன வேணா சொல்லுங்க, அவரை விட்டுடுங்க.”

பிசியோவின் தோள் இரண்டு அங்குலம் கீழே இறங்கியது. எட்டேகாலிலிருந்து தூக்கிவைத்திருந்த தோள்.

“நீங்களா?” என்றான். “அட, நீங்களாம்மா?”

படிமேலிருந்து மேஸ்திரி கத்தினார். “ஏன் சொன்னே? நான்தான் ஒருத்தரையும் சொல்லலையே!”

“ஒருத்தரையும்னா?” மனைவி நிமிர்ந்தாள். “என்னைத் தவிர யாரு?”

மேஸ்திரி பிசியோவைப் பார்த்தார். பிசியோ தன் ஷூவைப் பார்த்தான். மேஸ்திரி வாயைத் திறந்தார், சொல்லிவிடத்தான் போனார். பிறகு நாற்பது வருடப் பழக்கம் வந்து வாயை மூடியது.

“யாரும் இல்ல” என்றார். “நீ மட்டும்தான்.”

செய்தி பத்து நிமிடத்தில் ஐந்து பேருக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த வார்டில் ஒரு தகவல் அவ்வளவு வேகமாகத் துறை விட்டுத் துறை போனது அதுவே முதல்முறை. “அந்தம்மாதானாம்” என்றார் பட்டன் டீச்சர். “நான்கூட என்னமோன்னு...” என்று ஆரம்பித்துத் தண்ணி டீச்சர் முடிக்கவில்லை. டாக்டர் வெள்ளைத் தாளை எடுத்து ஒரு வரி சேர்த்தார்: ‘குழு அறிவுறுத்திய ஓய்வைக் குடும்பத்தினர் மீறியுள்ளனர். வீட்டுச் சூழல் குறித்த ஐயம் உறுதியாகிறது.’ நால்வர் கையெழுத்துப் போட்டார்கள். சிஸ்டர் பேனாவைப் பிடித்தபடி நின்றார்.

“அந்தம்மா மட்டும்தானா டாக்டர்?”

டாக்டர் தாளை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். சிஸ்டர் திரும்பக் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வண்டி வந்தது. சக்கர நாற்காலியில்தான் ஏற்ற வேண்டும் என்று விதி. நடந்து வருகிறேன் என்றவரை உட்காரவைத்துப் பட்டை மாட்டினார்கள். மனைவி கூடப் போனாள். கோப்பை உறையில் போட்டு ஒட்டி, பிரிக்கக் கூடாது என்று சொல்லி அவள் மடியில்தான் வைத்தார்கள். ஒன்றரை மணி நேரமும் அதைப் பிடித்துக்கொண்டே போனாள்.

இல்லம் சுத்தமாக இருந்தது. படி என்று ஒன்றுகூட இல்லை; வாசலிலிருந்து கட்டில்வரை ஒரே சமதளம். மேஸ்திரி தரையைப் பார்த்தார். “மட்டம் சரியாத்தான் இருக்கு” என்றார். ஒரு பெண் உறையைக் கிழித்து, நீலத்தை ஒரு தட்டிலும் மஞ்சளை ஒரு தட்டிலுமாக ஐந்து நிறத்தையும் ஐந்து தட்டில் பிரித்துப் போட்டாள்.

“அடுத்த மதிப்பீடு எப்பம்மா?” என்று மனைவி கேட்டாள்.

“ஆறு மாசம். எல்லாத் துறையும் சேர்ந்து உக்காரணுமில்ல.”

சாயந்தரம் மனைவி பஸ்ஸில் திரும்பி வந்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரியிலேயே இருந்தவள் இப்போதுதான் வீட்டுக்கு வருகிறாள். வாசலில் நின்றாள். வேண்டாம் என்று ஆளுக்குச் சொல்ல யாருக்கும் தோன்றாததால், சனிக்கிழமையே வேலை முடிந்திருந்தது. மாப்பிள்ளை ஒன்றுக்கு நாலு கலவைதான் போட்டிருந்தார். நாலரை இஞ்சில் எட்டுப் படி, ஒரு மயிரிழை கோணல் இல்லை.

ஏறினாள். முழங்கால் வலிக்கவே இல்லை.